எண் 9, நுனி, 2000 மடங்கு

வெளியே ஷார்ஜா நாற்பத்தாறு டிகிரியில் வேகிறது.
பல்கலைக்கழகத்தின் நிலவறையில்
ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
மைக்ராஸ்கோப்பின் பம்ப்
காற்றை உறிஞ்சி முடிக்க நான்கு நிமிடம்.
அதற்குள் ஒரு சுலைமானி.

இருபது குப்பிகள். குப்பிக்கொரு திருகாணி.
எட்டு மில்லிமீட்டர் டைட்டானியம்.
காதுத் தோட்டின் திருகாணியைவிடச் சற்றே தடிமன்,
தங்கமில்லை என்றாலும் விலையில் குறைவில்லை.
கடைவாய்ப் பல்லுக்கு மேலே எலும்பில் முடுக்கி
ஒரு ஸ்பிரிங்கை மாட்டிவிட்டால்
தான் அசையாமல்
பக்கத்திலிருப்பதை நகர்த்தும்.
வேலை முடிந்தால் இடப்பக்கமாகத் திருகிக்
கழற்றிவிடலாம்.

"எலும்பு இதைக் கட்டிக்கொள்ளக் கூடாது,
பிடித்தால் மட்டும் போதும்"
என்பார் டாக்டர் ரகத். பாஸ்ராக்காரர்.
எதையும் இரண்டு மொழியில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

எண் 0 புதியது, உறை பிரித்து நேராக வந்தது.
லேத் விட்டுப்போன கோடுகள்
உழுத சால்போல ஒரே சீராக ஓடுகின்றன.
நுனியில் கருவேல முள்ளின் கூர்மை.

நான்காம் எண்ணில் புரியின் விளிம்பு தேய்ந்திருக்கிறது.
ஏழு, மூன்றாம் மாதமே ஆடிப்போய்க் கையோடு வந்துவிட்டது.
எட்டின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்,
யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.
எதற்கும் பெயர் கிடையாது. நெறிமுறைக் குழுவின் உத்தரவு.

ஒன்பது என்னுடையது.
டாக்டருக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது.

பதினொரு மாதம் என் மேல்தாடையில் இருந்தது.
அந்தப் பதினொரு மாதத்தில்
டிரைவிங் டெஸ்டில் நான்கு முறை தோற்றேன்.
வாடகை துரத்த அல் நஹ்தாவிலிருந்து அஜ்மான் போனேன்.
இம்தியாஸோடு பேச்சை நிறுத்தினேன்,
தொடங்கினேன், நிறுத்தினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு இருடி என்றாள்
அறைத்தோழி சுகிர்தா.
கடிக்கத்தான் முடியவில்லை.
ரசஞ்சோறு, ஹம்மூஸ், ஊறவைத்த பிஸ்கட்.

திரையில் நுனி வருகிறது.
முள் இல்லை.
குளியலறையில் கடைசியாய் மிஞ்சும்
சோப்பு விளிம்பைப்போல ஒரு மழுக்கம்.
சால்கள் பாதி மறைந்திருக்கின்றன.
கழுவ மறந்த கிரைண்டர் கல்லில் காய்ந்த மாவாக
ஏதோ அப்பியிருக்கிறது.
குறியை அதன்மேல் வைத்து அமுக்குகிறேன்.

டைட்டானியம், அலுமினியம், வனேடியம்.
எதிர்பார்த்த சிகரங்கள்.
பக்கத்தில் குட்டையாகக் கால்சியம், பாஸ்பரஸ்.

நான்.

கழற்றிய அன்று மண்டைக்குள் டக்கென்று ஒரு சத்தம்.
"கொஞ்சம் பலமாகவே பிடித்திருக்கிறதே" என்றார் டாக்டர்,
நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல.
ஏதோ ஒரு மாதத்தில், கேட்காமல் கொள்ளாமல்,
எலும்பு அதன்மேல் ஏறத் தொடங்கியிருக்கிறது.
எந்த மாதம் என்று எந்தச் சிகரமும் சொல்லாது.
இம்தியாஸைப்பற்றி ஒரு தனிமமும் இல்லை.

துரு இல்லை, அதையும் குறித்துக்கொள்கிறேன்.
அஜ்மான் பால்கனியில் ஏசியைத் தாங்கும் ஆணிகள்
கடல் மூன்று தெரு தள்ளியிருந்தும்
இரண்டே கோடையில் சிவந்து உதிர்ந்தன.
இது என் எச்சிலிலேயே கிடந்து
இரண்டு மூன்று குழிகளோடு தப்பித்திருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்:
மறுமுறை பயன்படுத்தலாமா?
கிளினிக்குகள் கேட்கின்றன, செலவு அப்படி.
கூடாது என்று தட்டுகிறேன்.
காரணம்: நுனி மழுங்கல், மேற்பரப்பில் படிவு.

படிவு என்றுதான் எழுத முடியும்.
எலும்பு என்று எழுத இன்னும் இரண்டு சோதனை வேண்டும்.

தட்டிக்கொண்டிருக்கும்போதே
நாக்கு அந்த இடத்துக்குப் போய்விட்டு வருகிறது.
ஈறு மூடி மூன்று வாரம் ஆகிறது.
அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.